காசு கொடுக்க முன்: ஆறு படுக்கை, நாலு பெல்ட்

பள்ளிக்கூட விடுமுறை நெருங்கினால் லண்டனில் எங்கள் சனத்துக்கு மோட்டர்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) ஆசை வந்துவிடும். கோர்ன்வோல் கடற்கரை, ஸ்கொட்லாந்து மலை, பின்னால் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த அம்மம்மா, சோறு கறி. இந்தத் தடவை வந்தவற்றில் பாதிக்கு மேல் அந்தக் கடிதங்கள்தான். குறுக்கிப் போடுகிறேன். என்னைத் திட்டியிருந்த வரிகளையும் வெட்டிவிட்டேன்.

விற்பனை நிலையம் ஒன்றில் 12 நாளுக்கு முன் "சிக்ஸ் பேர்த்" மோட்டர்ஹோம் வாங்கினோம். நாங்கள் இரண்டு பேர், மூன்று பிள்ளைகள், என் அம்மா என்று சொல்லித்தான் வாங்கினோம். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் சீட் பெல்ட் நாலு. கேட்டால், "ஆறு பேர் படுக்கலாம் என்றுதானே சொன்னோம்" என்கிறார்கள். — ஓர் அப்பா, ஹரோ

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். வியாபாரியிடம் வாங்கிய பொருள், வாங்கும்போது நீங்கள் சொன்ன தேவைக்கு உதவாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்க 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆறு பேர் போகவேண்டும் என்று சொன்னதுதான் உங்கள் பிடி. அதை யாரிடம், என்றைக்குச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் இணையுங்கள். "வாகனத்தை நிராகரிக்கிறேன், முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்" என்ற வசனம் கட்டாயம் இருக்கவேண்டும். இன்றிரவே மின்னஞ்சலில் போகட்டும். முதலாளி லீவில், அடுத்த கிழமை கதைப்போம் என்று இழுத்தடிப்பார்கள், நாள் ஓடும். தீர்வு வரும்வரை அந்த வாகனத்தில் பிரைட்டன் பக்கம்கூடப் போகவேண்டாம். ஓடித் திரிந்துவிட்டு வேண்டாம் என்றால் வழக்கு மெலிந்துபோகும்.

இனி என் பழைய கோபம். இந்த "பேர்த்" என்ற சொல்லை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது எத்தனை பேர் படுக்கலாம் என்ற கணக்கு மட்டும். ஓடும்போது எத்தனை பேர் சட்டப்படி இருக்கலாம் என்பதற்கு பெல்ட்டை எண்ணவேண்டும். இரண்டையும் தாண்டி மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது. அதை விற்பவர் வாயே திறந்து சொல்லமாட்டார்: நிறை.

1997 ஜனவரி 1இலிருந்து கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் 3,500 கிலோ வரையான டீசல் மோட்டர்ஹோம்தான் ஓடலாம். அதனால் கம்பனிகள் எவ்வளவு பெரிய பெட்டியையும் 3,500க்குள் அடக்கிக் காட்டுகின்றன. கணக்கைப் பாருங்கள். ஒரு வாகனம் ஓடும் நிலையில் 3,080 கிலோ என்று வைப்போம். அதில் சாரதிக்கு 75 கிலோ சேர்த்தாயிற்று. மிச்சம் 420. மனைவி 65, அம்மா 70, பிள்ளைகள் மூவரும் 45, 32, 22. போனது 234, மிச்சம் 186. தண்ணீர்த் தொட்டி 100 லீற்றர் என்றால் 100 கிலோ, மிச்சம் 86. பக்கத்தில் விரிக்கிற கூரைத்துணி 30. மிச்சம் 56. பின்னால் தாங்கியும் நாலு சைக்கிளும் 60. முடிந்தது, நாலு கிலோ கூடிவிட்டது. இன்னும் ஒரு சட்டை ஏற்றவில்லை, அரிசி ஏற்றவில்லை, அம்மாவின் பாயும் தலையணையும் ஏற்றவில்லை.

தண்ணீர் அந்த 3,080இலேயே அடங்கும் என்று சிலர் வாதாடுவார்கள். சில கம்பனிகள் "பயணத்தின்போது 20 லீற்றர்தான்" என்று எழுதிவைத்துவிட்டு 100 லீற்றர்த் தொட்டியைப் பூட்டுகின்றன. சின்ன எழுத்தைப் பாருங்கள். கூடிய நிறையோடு பிடிபட்டால் தண்டம் ஓட்டுகிறவருக்கு. விற்றவருக்கு ஒன்றுமில்லை. விபத்தென்றால் காப்புறுதிக்காரனும் முகத்தைத் திருப்புவான். வாங்க முன் கதவோரம் அல்லது பொனட்டுக்குள் இருக்கும் நிறைத் தகட்டைப் படம் எடுங்கள். வாங்கிய பிறகு ஆள், சாமான், தண்ணீர் எல்லாவற்றோடும் பொது எடைமேடையில் ஒருதரம் ஏற்றிப் பாருங்கள். கட்டணம் சொற்பம்.

இரவில் ஓடும்போது பிள்ளைகளைப் பின் கட்டிலில் படுக்கவைக்கலாமா? நான் மெதுவாகத்தான் ஓடுவேன். — லூட்டன்

கூடாது. 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளை ஆசனம் வேண்டும். அதைப் பக்கவாட்டு இருக்கையில் கட்டவும் கூடாது. நீங்கள் மெதுவாக ஓடுவீர்கள், சரி. எதிரே வருகிறவன்?

15 வயது மோட்டர்ஹோம் ஒன்று ஒரு வீட்டில் விற்பனைக்கு இருக்கிறது. "ஈரம் இருக்கா பார்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படிப் பார்ப்பது? — இல்ஃபோர்ட்

நான் பார்த்த மாதிரிப் பார்க்காதீர்கள். 2011இல் வெயில் எறித்த ஒரு ஒக்டோபர் நாளில் 6,800 பவுண் கொடுத்து ஒன்று வாங்கினேன். உள்ளே எலுமிச்சை வாசனை கமகமத்தது. எவ்வளவு துப்புரவான மனிசன் என்று மெச்சினேன். நவம்பரில் முதல் மழை. மேல் கட்டிலில் படுத்திருந்த மகன், "அப்பா, கூரை அழுகுது" என்றான். கண்ணீரைச் சொல்கிறானா, மரத்தைச் சொல்கிறானா என்று ஏறிப் பார்த்தேன். இரண்டும்தான். சுவர்த் தாளை அமத்தினேன், விரல் உள்ளே போயிற்று. திருத்த 4,200 கேட்டார்கள். 2,500க்கு விற்றேன். அன்றிலிருந்து வாசனை அடித்த வாகனத்தைக் கண்டால் ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு வெளியே நிற்பேன்.

மழை பெய்த மறுநாள் போங்கள். ஜன்னல் மூலை, கூரைத் திறப்பின் ஓரம், அலுமாரியின் அடி, கட்டிலுக்குக் கீழே கையால் அமத்துங்கள். மெத்தென்றால் திரும்பி வாருங்கள். ஈரம் அளக்கும் சின்னக் கருவியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்: 15 வீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை, 20ஐத் தாண்டினால் ஆளை வைத்துப் பார்க்கவேண்டும், 30 என்றால் பேச்சே வேண்டாம். தனியாரிடம் வாங்கும்போது மேலே சொன்ன 30 நாள் உரிமை இல்லை. அவர் சொன்ன விவரம் பொய்யாக இருந்தால் மட்டும் கேட்கலாம். ஆகவே "ஈரம் இல்லை" என்பதைக் குறுஞ்செய்தியில் எழுதி வாங்குங்கள். வி5சி என்ற பதிவுப் புத்தகம் யார் பொறுப்பாளர் என்று சொல்லுமே தவிர, யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. கடன் பாக்கி இருக்கிறதா என்று சில பவுண் செலவழித்துப் பார்த்துவிடுங்கள்.

மார்க்கெட்பிளேஸில் 9,000 பவுணுக்கு அழகான கேம்பர் வான். விற்கிறவர் வேலைக்காக ஸ்கொட்லாந்து போய்விட்டாராம். வான் ஒரு கிடங்கில் இருக்கிறதாம். முற்பணம் கட்டினால் கொண்டுவந்து தருவார்களாம். 2,000 அனுப்பினேன். இப்போது ஆளும் இல்லை, விளம்பரமும் இல்லை. கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. — ஒரு தாய்

அக்கா, முதலில் அவருக்குச் சொல்லுங்கள். இதில் வெட்கப்படவேண்டியவன் திருடன். படித்தவர்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள்கூட இதே கதையில் விழுந்திருக்கிறார்கள்.

இதை வாசித்தவுடன் 159க்கு அடியுங்கள். உங்கள் வங்கிக்கு இணைக்கும். 2024 ஒக்டோபர் 7இலிருந்து, பிரித்தானிய வங்கிக் கணக்குகளுக்கிடையே இப்படி ஏமாற்றி அனுப்பவைத்த காசை வங்கிகள் திருப்பித் தரவேண்டும் என்ற விதி இருக்கிறது. உச்ச வரம்பு 85,000 பவுண். பெரும்பாலும் ஐந்து வேலை நாளுக்குள் முடிவு வரும். 100 பவுண் வரை கழிக்கலாம். அனுப்பி 13 மாதம் வரை கேட்கலாம் என்றாலும் நீங்கள் 13 மணித்தியாலமும் பொறுக்கவேண்டாம். படங்கள், செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். பொலிசிலும் பதியுங்கள். வங்கி மறுத்தால் நிதித்துறைக் குறைகேள் அதிகாரியிடம் இலவசமாகப் போகலாம். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

வாடகைக்கு எடுத்த மோட்டர்ஹோமோடு சுப்பர்மார்க்கெட் கார்ப் பார்க்கில் நுழைந்தபோது மேலே இருந்த கம்பியில் இடித்துவிட்டது. முற்பணம் 1,500 பவுணையும் எடுத்துவிட்டார்கள். நான் மேலதிகக் காப்புறுதி வாங்கியிருந்தேன்! இது அநியாயம் இல்லையா? — மில்டன் கீன்ஸ்

இல்லை.

கம்பியில் 2.1 மீற்றர் என்று எழுதியிருந்திருக்கும். உங்கள் வாகனம் மூன்று மீற்றர் அளவில் இருந்திருக்கும். அதையும் சாரதிக்கு முன்னால் ஒட்டியிருப்பார்கள். இரண்டையும் வாசிக்காமல், "கூரை, அடிப்பாகம், ரயர் தவிர" என்று எழுதிய காப்புறுதியையும் வாசிக்காமல் வாங்கியிருக்கிறீர்கள். பெரும்பாலானவற்றில் அந்த வரி இருக்கும். ஒன்று மட்டும் செய்யலாம்: திருத்திய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். உண்மைச் செலவு 900 என்றால் மிச்சம் 600 உங்களுடையது. சும்மா விழுங்க அவர்களுக்கும் உரிமை இல்லை.

கோடைக்கு மோட்டர்ஹோம் பதிந்தோம். 250 பவுண் கிரெடிட் கார்ட்டில், மிச்சம் 1,400 வங்கி வழியாக. கம்பனி மூடிவிட்டது. 250 ஆவது கிடைக்குமா? — ரூட்டிங்

1,650உம் கேளுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பொருளின் விலை 100 பவுணுக்கு மேல், 30,000க்கு மேற்படாமல் இருந்தால், ஒரு பகுதியைக் கார்ட்டில் கட்டியிருந்தாலும் முழுத்தொகைக்கும் கார்ட் நிறுவனம் பொறுப்பு. நேரடியாக அந்தக் கம்பனிக்கே கட்டியிருக்கவேண்டும். இடையில் தரகு இணையத்தளம் இருந்தால் சிக்கல் வரலாம். முதல் தடவை தொலைபேசி எடுக்கிற பிள்ளை "250தான்" என்று சொல்லும். "75ஆம் பிரிவு" என்று சொல்லி மேலே உள்ளவரைக் கேளுங்கள்.

2012 டீசல் மோட்டர்ஹோம் வாங்கி ஹவுன்ஸ்லோவில் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். வெளியே எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண் கட்டவேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. — ஹவுன்ஸ்லோ

2023 ஓகஸ்ட் 29இலிருந்து லண்டன் மாநகரம் முழுதும் யூலெஸ், அதாவது புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம். ஒரு வருசமாக ஊரே சண்டை பிடித்தது, தம்பி. டீசல் என்றால் யூரோ 6 என்ற புகைத் தரம் வேண்டும். பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் (டிஎஃப்எல்) தளத்தில் தட்டிப் பார்க்க ஒரு நிமிடம். நிறுத்திவைத்திருக்கும் நாளுக்குக் காசில்லை. கிறிஸ்மஸ் அன்றும் இலவசம். அன்றைக்கு ஒரு ரவுண்ட் போய்வாருங்கள்.

ரைஸ் குக்கர் போட்டால் முகாமில் கரன்ட் போய்விடுகிறது. குக்கர் பழுதா? — லெஸ்டர்

குக்கர் பாவம். அது 700 வாட்தான். பக்கத்தில் தேநீருக்கு வீட்டுக் கேத்தலைப் போட்டிருப்பீர்கள், அது 3,000. முகாம் இணைப்பு 10 அம்பியர் என்றால் மொத்தமே 2,300 வாட், 6 அம்பியர் என்றால் 1,380. தண்ணீரைக் காஸில் கொதிக்கவையுங்கள். குளிர்காலம் என்றால் புரொப்பேன் சிலிண்டர் எடுங்கள். பியூட்டேன் பூச்சியப் பாகையில் படுத்துவிடும்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ரொய்லெட் பெட்டி ஒரே நாளில் நிரம்பிவிடுகிறது. பக்கத்து வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு மூன்று நாள் போகிறது. — ஓர் அம்மா, குரொய்டன்

கூச்சம் வேண்டாம், எங்கள் வீட்டிலும் இதே கதை. அந்தப் பெட்டி 20 லீற்றர் அளவு. அவர்கள் கடதாசிக்காரர். நாங்கள் தண்ணீர்க்காரர். ஐந்து பேர் போகும்போதெல்லாம் அரை லீற்றர் ஊற்றினால் கணக்கு நீங்களே போடலாம். மூடியில் சின்னத் துவாரம் உள்ள போத்தல் வாங்குங்கள், பாதித் தண்ணீர் போதும். முகாமில் நிற்கும்போது முகாம் ரொய்லெட்டுக்குப் போகச் சொல்லுங்கள். மேலதிகப் பெட்டி ஒன்று வைத்திருப்பது நல்லது. அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். நிறைந்த பெட்டி 20 கிலோ. அதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி நான் பட்டதை இங்கே எழுதமுடியாது.

பிரான்சுக்கு ஆட்டுக்கறி சமைத்துக் கொண்டுபோகலாமா? — ஈஸ்ட்ஹாம்

இல்லை. இறைச்சி, பால், தயிர் ஒன்றும் எல்லை தாண்டாது. கைக்குழந்தையின் பால்மா பரவாயில்லை. கறியைப் பாரிஸில் லா ஷப்பல் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் வாங்குங்கள்.

வருசத்தில் இரண்டு தரம் போவோம். சொந்தமாக வாங்கினால் லாபமா? — சட்டன்

காப்புறுதி, வரி, எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனை, வாசலில் இடமில்லாவிட்டால் நிறுத்த வாடகை. இரண்டு தரத்துக்கு வாங்காதீர்கள். அப்படியும் ஆசை அடங்காவிட்டால் மார்ச்சில், மழை என்று சொல்லுகிற கிழமையாகப் பார்த்து, மூன்று நாள் வாடகைக்கு எடுத்து வேல்ஸ் பக்கம் போங்கள். பிள்ளைகளோடு, ஐபாட் இல்லாமல். மூன்றாம் நாளும் நீங்கள் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தால் மறுபடி எழுதுங்கள்.