பூசணிக்காயில் ஒரு சிரசு

நேற்று ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, எனக்குக் குடியாத்தம். லெஸ்டரில் நர்சாகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மகனுக்கு 6 வயது, மகளுக்கு 4. பள்ளியில் மகன் வாயையே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்கிறார். கணவருக்கு இன்னும் வேலை அமையவில்லை. இரண்டு பேரையும் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாமா? நீங்கள் அப்படித்தான் செய்தீர்களாமே. சட்டம் விடுமா? பிள்ளைகள் பின்தங்கிவிட மாட்டார்களா?"

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், ஊரும் குடியாத்தம் என்கிறாய். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். ஆடி மாத விடுமுறைக்கு வந்து வேலூர் சத்துவாச்சாரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மின்சாரம் போய்ப் போய் வருகிறது, என் பதிலும் அப்படித்தான் வரும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறனுக்கும் தகுந்த முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அது பள்ளியில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அரசுப் பாடத்திட்டம் கட்டாயமில்லை, நீ ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டியதும் இல்லை. சாதாரணப் பள்ளி என்றால் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் போதும். அவர்கள் பெயரை நீக்கிவிட்டு, உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலுக்குத் தெரிவிப்பார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கான மசோதா 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது, ஆகவே கடிதம் கொடுக்கும் முன் கவுன்சிலில் இன்றைய விதியைக் கேட்டுக்கொள். செலவு முழுக்க உன்னுடையது, அரசு ஒரு பென்னி தராது. என் சித்தி மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே இந்தப் பேச்சையே எடுக்க முடியாது, பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும்.

மகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஐந்து வயது முடிந்த பிறகு வரும் பருவத்திலிருந்துதான் கட்டாயக் கல்வி. அதுவரை வாரம் 15 மணி நேர இலவச நர்சரி மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. உன் விசாவில் அரசு உதவித்தொகை கிடையாது என்று போட்டிருந்தாலும் இது கிடைக்கும்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதம் பேசாமல் இருப்பது பெரும்பாலும் நோயல்ல, பிடிவாதமும் அல்ல. புது மொழிக்குள் விழுந்த பிள்ளை முதலில் காதைத்தான் திறக்கும், வாய் பிறகுதான் வரும். அந்த மௌனத்துக்குப் பயந்து பெயரை நீக்கிவிடாதே. விட்ட இடம் விட்டதுதான், திரும்பப் போனால் அதே பள்ளியில் இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

இதைச் சொல்லும் நானே 2015 முதல் 2019 வரை இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்திருந்தேன். தொடக்கம் படு தோல்வி. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். நிறையப் பணம் கொடுத்து, பெட்டியில் வரும் ஆயத்தப் பாடத்திட்டம் ஒன்று வாங்கினேன். மூன்றாவது வாரம் மகன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தான். நான் பள்ளியை விட்டு அவனை எடுக்கவில்லை, பள்ளியின் மோசமான பகுதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. அட்டவணை குப்பைக்குப் போனது. பெட்டியைப் பாதி விலைக்கு விற்றேன்.

அதன் பிறகு எங்கள் வழக்கம் ஒன்றுதான்: ஒரு நாள் வெளியே போவது, அடுத்த மூன்று நாள் பார்த்ததை வைத்து விளையாட விடுவது. நடுவில் நான் கேள்வி கேட்கக் கூடாது. "இன்று என்ன கற்றுக்கொண்டாய்?" என்ற கேள்வியை விழுங்குவதுதான் எனக்கு ஆகக் கடினமான பயிற்சி.

லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்த கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1485-இல் போரில் செத்தவர். 2015 மார்ச்சில் அவரைப் பேராலயத்தில் அடக்கம் செய்தபோது, ஊர்வலத்தைத் தெருவோரம் நின்று பார்த்தோம். மகன் அப்பாவின் தோளில் இருந்தான். எங்கள் ஊரைப் பற்றிய பழைய கேலியை அவன் தாத்தா அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை. சவப்பெட்டி எங்களைக் கடந்ததும் சொன்னான்: "தாத்தா ஊரில் கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை. இங்கே ராஜா இருக்கிறார், கோட்டை இல்லை. சேர்த்து வைத்துவிடலாமே!" லெஸ்டரிலும் பழைய கோட்டையின் மிச்சம் உண்டுதான். தோளில் உட்கார்ந்திருப்பவனிடம் வாதாட முடியுமா?

அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுக் குளியல் தொட்டி வேலூர்க் கோட்டை அகழி. அட்டைப் பெட்டியில் கொத்தளம், அகழியில் தங்கையின் ரப்பர் முதலை. சாமியில்லாக் கோயில் என்பதை மட்டும் அம்மா போனில் திருத்தினார். பாதுகாப்புக்காக எங்கள் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981-இல் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்த நாளை அவர் நேரில் பார்த்தவர். பேரனுக்கு அவர் அதை அரை மணி நேரம் சொன்னார். தமிழ்ப் பாடம் என்று நான் தனியாக எடுத்த எந்த வகுப்பிலும் அவன் அரை மணி உட்கார்ந்ததில்லை.

பணத்தை நினைத்துத் தயங்காதே. பிரிட்டனின் தேசிய அருங்காட்சியகங்களுக்கு 2001 முதல் நுழைவுக் கட்டணம் இல்லை. லெஸ்டரிலேயே நியூ வாக் தெருவில் உள்ள அருங்காட்சியகத்தில் டைனோசர் எலும்புக்கூடு இருக்கிறது, அதற்கும் கட்டணம் இல்லை. வருடத்தில் ஒருமுறை லண்டன் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு, கடைசி நாளில் எடுத்தால் கொள்ளை. அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலி இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் பாய்ந்து நிற்கும் மரப்புலி, கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம். உள்ளே காற்றுக்குழல்கள். கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துச் சென்றது. கண்ணாடிக்கு வெளியே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, சிப்பாயின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, அரை மணி நேரம் பார்த்தான் என் மகன். வீட்டுக்கு வந்து ஷூ பெட்டி, பலூன், ஊதல் மூன்றையும் சேர்த்து ஒன்று செய்தான். உறுமவில்லை, வாத்துபோலக் கத்தியது. ஏன் கத்துகிறது, எப்படி உறும வைப்பது என்று ஒரு வாரம் அறுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். காற்றும் ஒலியும் அப்படித்தான் அவனுக்குப் பழக்கமாயின.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கோட்டைக்கு அழைத்துப் போனேன். திப்பு மகாலை வெளியிலிருந்து காட்டி, திப்பு இறந்த பிறகு அவர் பிள்ளைகளை இங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள் என்றேன். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்ததையும், புதுத் தலைப்பாகையையும் திருநீறு, தாடி மீதான தடையையும் சகிக்காமல் அவர்கள் கொதித்ததையும், மைசூர்க் கொடி கோட்டையில் ஏறியதையும், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றே அடக்கியதையும் தெரிந்த அளவு சொன்னேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "அப்பாவின் பொம்மை லண்டனில், பிள்ளைகள் இங்கே. அவர்களுக்கு விளையாட யார் என்ன கொடுத்தார்கள்?" என்னிடம் பதில் இல்லை. கோட்டை வாசலில் வேர்க்கடலை வாங்கிக்கொடுத்தேன்.

இனி உன் ஊர்க் கதை. 2017-இல் வைகாசி முதல் தேதி, அம்மனின் சிரசை, அதாவது தலையை, ஊர்வலமாகக் கொண்டுவரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வந்தோம். பள்ளியில் பிள்ளை இருந்தால் மே மாதத்தில் இது நடக்காது. அனுமதியில்லாமல் ஐந்து பள்ளி நாள் விட்டாலே இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்ட் அபராதம், மூன்று வாரத்தில் கட்டாவிட்டால் 160. ஆகஸ்டில் விமான டிக்கெட் விற்கும் விலையும் உனக்குத் தெரியும். வீட்டில் வைத்துப் படிக்கவைத்ததால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால், அந்த வைகாசி ஒன்றாம் தேதிதான்.

கூட்டத்தையும், சிதறிய தேங்காய்களையும், மாலைகளுக்குள் மிதந்து வந்த அம்மன் முகத்தையும் பார்த்துவிட்டு இருவரும் அன்று அதிகம் பேசவில்லை. அக்டோபரில் லெஸ்டர் கடைகளில் பூசணிக்காய் குவிந்தது. மற்றப் பிள்ளைகள் பேய் முகம் செதுக்க வாங்குவதை இவர்களும் வாங்கி வந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, என் பழைய பட்டுத் துண்டைச் சுற்றி, கொல்லைப்புறத்தில் ஊர்வலம் தொடங்கிவிட்டார்கள். மகன் தலையில் சிரசு, மகள் கையில் வாணலியும் கரண்டியும். வேலிக்கு அப்பால் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டார். வீட்டுக்கு வெளியே ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத என் மகள், வாணலியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சிரசுக்குப் பின்னால் இருக்கும் ரேணுகை கதையை முதலிலிருந்து கடைசிவரை ஆங்கிலத்தில் சொன்னாள். இலக்கணம் தாறுமாறு. பாட்டி தன் தோட்டத்திலிருந்து நாலு டேலியாப் பூவைப் பறித்து அம்மனுக்குப் போட்டார்.

கணக்குக்கும் புத்தகம் தேடாதே. கோலத்துக்கு 7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி வைத்து எத்தனை புள்ளி என்று எண்ணச் சொல். முதல் நாள் விரலால் ஒவ்வொன்றாக எண்ணி 37 என்பார்கள். பத்தாவது நாள் மேலும் கீழும் ஒரே மாதிரி என்று கண்டுபிடித்து, ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி, இரட்டித்து, நடு வரியைச் சேர்ப்பார்கள். நீ சொல்லித்தர வேண்டியதில்லை. லெஸ்டர் மழையில் வாசல் கோலம் நிற்காது, கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டி போதும்.

இதெல்லாம் இனிக்கிற பக்கம். நாலு வருடம் எனக்குச் சம்பளம் இல்லை, கணவர் பஸ் ஓட்டிய வருமானம்தான். பகலில் பேச ஆள் இல்லை. ஊருக்கு வந்தால் "பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லையாமே" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டார்கள். மகன் எழுத்துக் கூட்டிப் படிக்க எட்டு வயதானது, அந்த இரண்டு வருடம் நான் தூங்கியது குறைவு. மேல்நிலைத் தேர்வுகளைத் தனித்தேர்வராகப் பணம் கட்டி எழுத வைக்கும் தெம்பு எங்களுக்கு இல்லை, அதனால் 2019-இல் பள்ளியில் சேர்த்தோம்.

உன் நிலையில் யோசித்துப் பார். நைட் டியூட்டி முடித்து வருகிற நீ பகலில் பிள்ளைகளோடு அருங்காட்சியகம் சுற்ற முடியாது. செய்ய வேண்டியவர் உன் கணவர். அவருக்கு நாளையே வேலை கிடைத்தால் என்ன செய்வாய்? அவரே மனதாரக் கேட்காமல் இதை அவர் தலையில் கட்டினால் பிள்ளைகளுக்கு டிவிதான் டீச்சர்.

ஆகவே இப்போது கடிதம் கொடுக்காதே. வரும் ஈஸ்டர் வரை மகன் பள்ளியிலேயே இருக்கட்டும். வாரம் ஒரு நாள், சனியோ ஞாயிறோ, கணவர் இருவரையும் வெளியே கூட்டிப் போகட்டும். பிறகு வீட்டில் அட்டையும் பசையும் கொடுத்துவிட்டு அவர்களை விட்டுவிடுங்கள். ஈஸ்டருக்குப் பிறகும் அவன் பள்ளி வாசலில் அழுதால் எனக்கு எழுது, கடிதத்தை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். பத்தாம் தேதி திரும்பி வருகிறேன். அம்மா வற்றல் போட்டிருக்கிறார், உனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வருகிறேன்.