'பிரேசில் ரோஸ்வுட்' என்ற பெயருக்கு 3,800 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. பல ஆண்டுகளாகச் சாதாரண கிட்டார் ஒன்றில் வாசித்து வருகிறேன். ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு நல்ல அகோஸ்டிக் கிட்டார் வாங்க 4,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். என் ஆசிரியர், தமக்குத் தெரிந்த ஒருவர் இணையத்தில் விற்கும் 1974ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28 கிட்டாரை 3,800 வெள்ளிக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். பிரேசில் ரோஸ்வுட்டாம், இனிக் கிடைக்காத மரமாம். கடையில் கேட்டால் புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரவில் மட்டும்தான் ஏர்கான் ஓடும். எதை வாங்குவது? (சிங்கப்பூர், புங்கோல் வாசகர்)

பதில்: அந்த 1974 கிட்டாரை வாங்காதீர்கள். கருவியைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், ஏனென்றால் தகவலிலேயே ஓட்டை இருக்கிறது. மார்ட்டின் நிறுவனம் வழக்கமான டி-28 மாடலுக்குப் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது 1969 வரைதான். அதற்குப் பிறகு இந்திய ரோஸ்வுட், அதாவது ஈட்டி மரம். ஆக, ஆண்டு உண்மையென்றால் மரம் பொய். மரம் உண்மையென்றால் ஆண்டு பொய். அப்படியொரு கிட்டாரை 3,800 வெள்ளிக்கு யாரும் விற்கவும் மாட்டார்கள். மார்ட்டின் தன் வரிசை எண்களை ஆண்டுவாரியாக வெளியிட்டிருக்கிறது. ஒலித்துளை வழியாகப் பார்த்தால் கழுத்து வந்து சேரும் கட்டையில் எண் பதிக்கப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இணையச் சந்தையில் போலி மார்ட்டின்கள் நிறைய உலவுகின்றன. டி-28 என்று சொல்லப்படும் கிட்டாரின் தலைப்பகுதியில், நட்டுக்கு (கழுத்தின் உச்சியில் கம்பிகள் படிந்து செல்லும் சிறு கட்டை) சற்று மேலே, சிறிய மூடி ஒன்று திருகப்பட்டிருந்தால் அது போலி. கழுத்தின் வளைவைத் திருத்த உள்ளே பதித்த இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருப்பும் வாய் டி-28இல் ஒலித்துளைக்குள்தான் இருக்கும். அதுவும் 1985க்குப் பிறகு வந்தவற்றில் மட்டும். 1974ஆம் ஆண்டுக் கருவி அசலாகவே இருந்தாலும் அதில் திருப்பக்கூடிய ராடு கிடையாது. கழுத்துக்குள் எஃகுக் குழாய் ஒன்று பதித்திருப்பார்கள், அவ்வளவுதான். நம் ஊர் ஈரத்தில் கழுத்து வளைந்தால் சாவி போட்டுத் திருத்த வழியில்லை. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி வேலை செய்ய வேண்டிவரும்.

காகிதச் சிக்கலும் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற அனைத்துலக உடன்பாட்டின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் அந்தக் கிட்டாரோடு ஜோகூர் பாலத்தைக்கூட நீங்கள் தாண்ட முடியாது. சிங்கப்பூரில் அந்தச் சீட்டைத் தருவது தேசியப் பூங்காக் கழகம். விற்பவரிடம் சீட்டு இருக்கிறதா என்று உங்கள் ஆசிரியர் கேட்டாரா? மற்ற ரோஸ்வுட் வகைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2017 ஜனவரியில் அவற்றையும் பட்டியலில் சேர்த்து ஊரையே குழப்பினார்கள். 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். 'ரோஸ்வுட்டுக்குத் தடை வரப்போகிறது, இப்போதே வாங்குங்கள்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் விற்பனையாளரிடம் வேறு எதையும் கேட்காதீர்கள்.

இந்த விற்பனையில் உங்களுக்குப் பங்கு உண்டா என்று ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள். சொல்லித்தருபவர் மாணவரிடம் கருவியைத் தள்ளிவிட்டு விற்பவரிடம் கமிஷன் வாங்குவது கெட்ட பழக்கம். பங்கு இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்டால் பரவாயில்லை, அதையும் கணக்கில் சேர்த்து முடிவெடுக்கலாம். மறைத்தால் அவர் சொன்ன மற்ற எதற்கும் மதிப்பில்லை.

சரி, எந்தக் கிட்டார் ஆயுசுக்கும் நிற்கும்? மரத்தின் பெயரை மறந்துவிட்டுக் கழுத்தின் கோணத்தைப் பாருங்கள். '12-53' என்று விற்கும் வழக்கமான கனத்தில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆண்டுகள் போகப் போக உடல் கொஞ்சம் மடங்கும், கழுத்து முன்னால் சாயும், கம்பி ஃப்ரெட்டை விட்டு மேலே எழும். இதற்குக் கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியைச் சீவி, சரியான கோணத்தில் மறுபடி பொருத்துவார்கள். அதுதான் நெக் ரீசெட். பல நூறு வெள்ளி பிடிக்கும். டிரஸ் ராடைத் திருப்பி இதைச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராடு கழுத்தின் வளைவைத்தான் மாற்றும், கோணத்தை மாற்றாது.

கடைக்குப் போகும்போது மில்லிமீட்டர் குறித்த இரும்பு ஸ்கேல் ஒன்று கொண்டுபோங்கள். கம்பிகள் சரியான சுருதியில் இருக்கும்போது, 12ஆம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் தடித்த ஆறாம் கம்பியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 2.4 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. மெல்லிய முதல் கம்பிக்கு 1.8. அடுத்து, பிரிட்ஜில், அதாவது மேல்பலகையில் கம்பிகளைப் பூட்டும் கட்டையில், கம்பிகளைத் தாங்கி நிற்கும் வெள்ளைச் சேடில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டராவது தெரிய வேண்டும்.

இந்த இரண்டு அளவையும் சேர்த்தே படிக்க வேண்டும், விஷயம் அங்கேதான் இருக்கிறது. 12ஆம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி. அங்கே 1 மில்லிமீட்டர் இறக்க வேண்டுமென்றால் சேடிலை 2 மில்லிமீட்டர் சீவ வேண்டும். உயரம் 3.4 இருக்கிறது, சேடில் 2 மில்லிமீட்டர்தான் வெளியே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4க்குக் கொண்டுவர முழுச் சேடிலையும் சீவியாக வேண்டும். பிறகு கம்பி சேடிலின் மேல் அழுந்தாது, ஓசை செத்துப்போகும். அந்தக் கிட்டாருக்கு நெக் ரீசெட் தவிர வேறு வைத்தியம் இல்லை. இதை மறைப்பதற்காகப் பிரிட்ஜையே சீவி விற்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்ஜ் கட்டையின் தடிமன் வழக்கமாக 8 முதல் 9 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர்தான் இருந்தால், அதை யாரோ ஏற்கெனவே சீவிவிட்டார்கள். கடைசியாக, நேரான நீளப்பட்டை ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் கிடத்துங்கள். அதன் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பை உரசி நிற்க வேண்டும். பிரிட்ஜின் நடுப்பகுதியில் போய் முட்டினால் கோணம் போய்விட்டது என்று அர்த்தம். விலை கேட்கவே வேண்டாம்.

அடுத்தது மரப்பலகை. 'சாலிட் டாப்' என்று எழுதியிருந்தால் மேல்பலகை மட்டும்தான் ஒரே மரம். பின்பலகையும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாக இருக்கலாம். தகவல் அட்டையில் 'செலக்ட் மஹோகனி' என்று அலங்காரமாகப் போட்டு, 'சாலிட்' என்ற சொல்லை மட்டும் கவனமாக விட்டிருப்பார்கள். பொரிக்கிற எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று புட்டியில் எழுதச் சொல்லும் சட்டம் இருக்கும்போது, 3,000 வெள்ளிக் கிட்டாரின் பின்பலகை ஒட்டுப்பலகையா இல்லையா என்பதைப் பொடி எழுத்திலாவது போட்டால் என்ன? அட்டையை நம்பாமல் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் கோடுகள் அப்படியே விளிம்பிலும் இறங்கினால் மேல்பலகை ஒரே மரம். விளிம்பில் அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. பின்பலகைக்கு, வெளியே தெரியும் முடிச்சும் கோடும் உள்ளேயும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பொதுவாக ஆயுசுக்கு வாங்கும் கிட்டார் முழுக்க ஒரே மரமாக இருக்க வேண்டும் என்பார்கள், அது சரிதான். ஆனால் இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் வீட்டு நிலைமைக்கு அது பொருந்தலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஒட்டுப்பலகையில் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், ஈரத்தில் அது அதிகம் விரியாது, காய்ந்தால் எளிதில் வெடிக்காது. ஓசையின் பெரும்பங்கு மேல்பலகையிலிருந்துதான் வருகிறது. எனவே மேல்பலகை ஒரே ஸ்ப்ரூஸ் மரம், பின்னும் பக்கமும் நேர்த்தியான ஒட்டுப்பலகை என்ற அமைப்பு, ஈரத்தைக் கட்டுப்படுத்த முடியாத வீட்டில் பல ஆண்டுகள் சீராக நிற்கும். விலையுயர்ந்த கிட்டார்களைக் கையால் செய்யும் சிலர்கூட விறைப்புக்காகப் பக்கங்களை வேண்டுமென்றே இரண்டு அடுக்காக ஒட்டுகிறார்கள். ஆகவே ஒட்டு என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். மேல்பலகையே ஒட்டாக இருப்பதும், ஒட்டைச் சாலிட் விலைக்கு விற்பதும்தான் தப்பு. கீழே சொல்லும் பராமரிப்பு உங்களால் முடியாது என்று தோன்றினால், யமஹா எஃப்ஜி வரிசை போன்ற ஒன்றை நிம்மதியாக வாங்கி, மீதிப் பணத்தைச் சேமிப்பில் போடுங்கள்.

முடியும் என்றால், உங்கள் தொகைக்குள் முழுக்க ஒரே மரத்தில் செய்த யமஹா எல்எல்16, மார்ட்டின் 000-15எம் இரண்டையும் வாசித்துப் பாருங்கள். முன்னதில் இந்திய ரோஸ்வுட், பின்னதில் முழுக்க மஹோகனி. பெரிய உடலா சிறியதா என்பது உங்கள் தோளுக்கும் மடிக்கும் தெரியும். விரலால் மீட்டுபவர் என்றால் நட்டின் அகலம் 44.5 மில்லிமீட்டர் வசதி. ஸ்ட்ரம்மிங் அதிகம் என்றால் 43 போதும். பக்கப்பலகையில் துளை வெட்டி மின்சாதனப் பெட்டி பொருத்திய மாடலை ஆயுசுக்கென்று வாங்காதீர்கள். மரம் நிற்கும், அந்தப் பெட்டி நிற்காது. பழுதாகும்போது அதே அளவில் இன்னொன்று சந்தையில் இருக்காது.

4,000ஐயும் கருவியிலேயே போட்டுவிட வேண்டாம். 3,000 வெள்ளியோடு நிறுத்தி, மீதியை ஈரப்பதத்துக்கு ஒதுக்குங்கள். கிட்டார்களை 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் செய்கிறார்கள். சிங்கப்பூரில் விடியற்காலையில் அது 90ஐத் தாண்டும், மழை இல்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். உங்கள் வீட்டில் இரவு முழுவதும் ஏர்கான் காயவைக்கிறது, பகல் முழுவதும் திறந்த சன்னல் நனைக்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. மேல்பலகை உப்புகிறது, பிரிட்ஜ் பின்பக்கம் தூக்குகிறது, உள்ளே தாங்குகட்டைகளின் பசை விடுகிறது. சுவரில் அழகுக்குத் தொங்கவிடாமல், வாசித்து முடித்ததும் கெட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். பெட்டிக்குள் ஒரு டிஜிட்டல் ஈரமானி வைத்து 45க்கும் 55க்கும் நடுவில் நிறுத்துங்கள். 49 விழுக்காடு என்று போட்ட ஈரச்சமன் பொட்டலங்கள் இங்கே சீக்கிரமே உறிஞ்சி ஊதிப்போகும். ஈரமானி 60ஐத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். அலமாரியில் வைக்கும் ஈரமுறிஞ்சி டப்பாவைப் பெட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அதில் சேர்வது உப்புநீர், கவிழ்ந்தால் பூச்சும் மரமும் பாழ். வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு) அறையில் வைத்தால் காற்றோட்டமில்லாமல் பூஞ்சை பிடிக்கும். அறைக்கே ஓர் ஈரநீக்கி இயந்திரம் வாங்க முடிந்தால் அதுதான் நல்ல தீர்வு.

உத்தரவாதத்தை நம்பி இதில் அசட்டையாக இருக்க முடியாது. உத்தரவாதம் பொதுவாக முதல் உரிமையாளருக்கு மட்டும், அதுவும் அங்கீகரித்த கடையில் வாங்கினால் மட்டும். ஈரத்தால் வந்த சேதம் அதில் சேராது. 80 விழுக்காடு ஈரமுள்ள ஊரில் கருவியை விற்றுவிட்டு, ஈரத்துக்குப் பொறுப்பில்லை என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சடிக்கிறார்கள். விற்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2012இல் வந்த குறைப்பொருள் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே இருந்த குறை என்று கருதி, பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும். தனிநபர் தனிநபருக்கு விற்றதற்குப் பொருந்தாது. உங்கள் ஆசிரியரின் நண்பர் அந்த வகை. ஜோகூரில் மலிவு என்று போனால் இன்னொரு கணக்கு இருக்கிறது: 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்பு முழுவதற்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும்.

பெனின்சுலா, எக்செல்சியர் கடைத்தொகுதிகளில் ஒரே நாளில் பல கிட்டார்களை வாசித்துப் பார்க்கலாம். காட்சிக்குத் தொங்கியதைத் தராமல் பெட்டி பிரிக்காத புதியது தருகிறோம் என்றால், அதையும் பிரித்து அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ரசீதில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். டிரஸ் ராடு சாவியையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியோடு வந்திருந்தாலும் அது கடைக்காரர் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுவதுண்டு.