மகள் உளவியல் படிக்கப் போகிறாளாம்: களுவாஞ்சிகுடி அம்மா ஒருவருக்குப் பதில்

அக்கா, கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை உளவியல்தான் வேண்டும் என்று நிற்கிறாள், மனநோயாளிகளோடு மாரடிக்கவா இவ்வளவு படிக்க வைத்தேன் என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு வேலைகள் குழம்பிக் கிடக்கின்றன. மருந்து எழுதுகிற மனநல மருத்துவர் மருத்துவபீடம் போய் வந்தவர். கலைப்பிரிவிலிருந்து அங்கே போக முடியாது. உளவியல் பட்டம் வேறு பாதை.

என் கேள்வி மகளுக்குத்தான். "மற்றவர்களின் கவலையைக் கேட்டு உதவ ஆசை" என்றுதான் இந்தப் பாடத்தைக் கேட்கிற பிள்ளைகளில் அநேகர் சொல்வார்கள். நல்ல ஆசை, ஆனால் காணாது. படிப்பு ஆறுதல் சொல்வதிலிருந்து தொடங்குவதில்லை. புலனுணர்ச்சி, புலக்காட்சி, கற்றல், ஞாபகம் என்றுதான் தொடங்கும். அதில் ருசி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியில் பாடுவதாகச் சொல்லப்படும் மீனை எடுங்கள். பௌர்ணமி இரவில் துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி மறுமுனையில் காது வைத்துக் கேட்பார்கள். காதில் விழும் அதிர்வு புலனுணர்ச்சி. அதை மீனின் பாட்டு என்று மூளை பொருள்கொள்வது புலக்காட்சி. கதையை முன்பே அறிந்தவருக்குப் பாட்டாகக் கேட்பது வெளியூர்க்காரருக்கு வெறும் முனகலாகக் கேட்கலாம். "ஏன் அப்படி?" என்று மகள் திருப்பிக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்.

கற்றல் என்றதும் புத்தகம்தான் நினைவுக்கு வரும். உளவியலில் பயமும் கற்றல்தான். ரஷ்ய உடலியலாளர் பவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தபோது, பின்னர் அந்த ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறியது. 2004 சுனாமிக்குப் பிறகு கடல் இரைச்சலுக்கே நெஞ்சு படபடத்தவர்கள் நாவலடியிலிருந்து கல்முனை வரை இருந்தார்கள். அதே ஒலியை ஆபத்தில்லாத சூழலில் படிப்படியாகக் கேட்டுப் பழகினால் பயம் தணியும், சிலவேளை திரும்பவும் எட்டிப் பார்க்கும். பயத்துக்கான சிகிச்சைகள் சில இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. மகளின் "உதவ ஆசை" பாடத்தைத் தொடுகிற இடம் இதுதான்.

ஞாபகத்துக்கு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணித்தியாலங்களில் மறதி வேகம், பிறகு மெதுவாகும். அப்புறம், தொலைபேசி இலக்கத்தில் 065 நமக்கு மூன்று இலக்கமா, மட்டக்களப்பு என்ற ஒரே துண்டா? இப்படித் துண்டாக்கினால் கூடுதலாக நினைவில் நிற்கும்.

மகளுக்கு இதெல்லாம் அலுப்பாக இருந்தால், சமூகப்பணி போன்ற துறைகளைப் பார்க்கச் சொல்வேன். பிடித்திருந்தால் விடுங்கள், படிக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: புள்ளிவிபரவியல் வரும், ஆங்கில வாசிப்பும் நிறைய வரும். ரியூசன் காசில் கொஞ்சத்தை இப்போதே ஆங்கிலத்துக்கு ஒதுக்கலாம்.

வேலை என்று பார்த்தால் ஆலோசனைச் சேவை, தொண்டு நிறுவனங்கள், மனிதவளம், ஆய்வு என்று உண்டு. சிகிச்சை உளவியலாளராக வேண்டுமென்றால் பட்டத்துக்கு மேல் பட்டப்பின் பயிற்சியும் வேண்டும், அதற்கான வருடங்களையும் செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியல் இருக்கிறது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால், விருப்பத் தெரிவுகளை நிரப்ப முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைந்நூலை மகளோடு இருந்து பாருங்கள்.