தனிம வரிசை அட்டவணை: கேட்டதும் சொன்னதும்

பள்ளியில் பல வருடம் வேதியியல் நடத்தியவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், தனிமங்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தால் தேடவாவது சுலபமாக இருக்குமே?

தேடச் சுலபம்தான் தம்பி. ஆனால் சோடியம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா, அது என்ன செய்யும் என்று தெரிய வேண்டாமா? மண்ணெண்ணெயில் கிடக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்துக் கத்தியால் நறுக்கினால், வெட்டிய பக்கம் வெள்ளி போல மின்னும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். கடுகளவு துண்டைத் தண்ணீரில் போட்டால் உருண்டு திரண்டு, உஸ்ஸென்ற சத்தத்தோடு அங்குமிங்கும் ஓடும். காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலை முன்பே இரண்டு சொட்டு விட்டிருந்தால், அது போன தடமெல்லாம் இளஞ்சிவப்பாகும். அட்டவணையில் அதற்கு நேர் மேலே லித்தியம். இதையே நிதானமாகச் செய்யும். நேர் கீழே பொட்டாசியம். ஊதாச் சுடரோடு பற்றிக்கொள்ளும். அகர வரிசையில் இந்த உறவு எங்கே தெரியப்போகிறது?

ஒரே தொகுதியில், அதாவது மேலிருந்து கீழே ஒரே பத்தியில், இருப்பவை ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன?

அணுவின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்கள்தான் காரணம். மேலே சொன்ன மூன்றுக்கும் அங்கே ஒரே ஒரு எலக்ட்ரான். கீழே போகப் போக அது அணுக்கருவிலிருந்து தள்ளிப் போகிறது, பிடி தளர்கிறது, சுலபமாகக் கழன்றுவிடுகிறது.

நான் யாழ்ப்பாணம். எங்கள் புத்தகத்தில் கூட்டம், ஆவர்த்தனம் என்று இருக்கிறது. நீங்கள் சொல்லும் தொகுதியும் தொடரும் வேறா?

இரண்டும் ஒன்றுதான். மேலிருந்து கீழே 18 கூட்டங்கள், இடமிருந்து வலமாக 7 ஆவர்த்தனங்கள். நாங்கள் தனிமம் என்பதைத்தான் நீங்கள் மூலகம் என்கிறீர்கள். ஆவர்த்தனம் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். குணம் திரும்பத் திரும்ப வருகிறது என்ற விஷயம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கண்டுபிடிக்காத தனிமத்துக்கு மெண்டெலீவ் இடம் விட்டுவைத்தார் என்பது உண்மையா?

முழு உண்மை. ரஷ்ய வேதியியலாளரான அவர் 1869-இல் தனிமங்களை அணு நிறை வரிசையில் அடுக்கி அட்டவணை போட்டபோது தெரிந்திருந்தவை 63 தனிமங்கள்தான். அலுமினியத்தைப் போன்ற ஒரு தனிமம் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்கு ஏகா அலுமினியம் என்று பெயர் வைத்தார். நம் 'ஏகம்' என்பதில் உள்ள அதே ஏக. அணு நிறை சுமார் 68, அடர்த்தி சுமார் 5.9 இருக்கும் என்றும் கணித்தார். 1875-இல் பிரான்சில் லெக்கோக் டி புவாபோத்ரான் கேலியத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் காலி இடத்துக்கு உரியது அதுதான். அவர் அளந்த அடர்த்தி 4.7. 'உங்கள் மாதிரி சுத்தமாக இல்லை, மறுபடி பாருங்கள்' என்ற பொருளில் மெண்டெலீவ் சொல்லி அனுப்பினார். சுத்தம் செய்து அளந்தபோது 5.9 வந்தது! அதுவரை கேலியத்தைக் கண்ணால் பார்க்காதவர் மெண்டெலீவ். எத்தனை முறை பாடம் நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

டெல்லூரியத்தின் அணு நிறை 127.6, அயோடினுக்கு 126.9. கனமானது எப்படி முன்னால் வந்தது?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. அயோடினின் குணம் குளோரின், புரோமினோடு ஒத்துப்போகிறது. அதனால் மெண்டெலீவ் அதை அவற்றின் கீழே வைத்தார். டெல்லூரியத்தின் நிறையைத் தப்பாக அளந்திருப்பார்கள் என்று நினைத்தார். அந்த நினைப்புதான் தப்பு, வைத்த இடம் சரி. 1913-இல் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கில இயற்பியலாளர் எக்ஸ் கதிர்களை வைத்து, வரிசையைத் தீர்மானிப்பது நிறை அல்ல, அணு எண் என்று காட்டினார். அதாவது கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. டெல்லூரியம் 52, அயோடின் 53. இரண்டே வருடத்தில், 1915-இல், முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலிப் போர்முனையில் மோஸ்லி இறந்துபோனார். வயது 27. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை நான் முடித்ததே இல்லை.

கீழே தனியாக இரண்டு வரிசை எதற்கு?

இட வசதிக்காகத்தான். அந்த வரிசைகளில் உள்ள லாந்தனைடுகளும் ஆக்டினைடுகளும் 6, 7-ஆம் தொடர்களுக்கு உள்ளே வர வேண்டியவை. உள்ளே வைத்தால் அட்டவணை பக்கத்துக்குள் அடங்காது.

என் மகன் பத்தாம் வகுப்பு. 118 தனிமங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா ஐயா?

வேண்டாம். முதல் இருபதை அணு எண் வரிசையில் எழுதச் சொல்லுங்கள். ஹீலியம், நியான், ஆர்கான் வரும்போதெல்லாம் அடுத்த வரிக்குப் போகட்டும். லித்தியத்துக்குக் கீழே சோடியமும், அதற்குக் கீழே பொட்டாசியமும் தானாக வந்து நிற்கும்.