மூளை அலைப் பயிற்சியால் கவனம் கூடுமா?

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் கோளாறு இருப்பதாக உறுதி செய்த மருத்துவர் மாத்திரை கொடுத்து வருகிறார். எங்கள் ஊரில் புதிதாகத் திறந்துள்ள மையம் ஒன்றில், நியூரோஃபீட்பேக் என்ற மூளைப் பயிற்சியை நாற்பது அமர்வுகள் எடுத்தால் மாத்திரையையே விட்டுவிடலாம் என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: மாத்திரையை விட்டுவிடலாம் என்பதை நம்ப வேண்டாம். பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மனித மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்ய முடியும் என்பதை, ஜெர்மனியின் ஜெனா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். இன்று எல்லா நரம்பியல் பிரிவிலும் எடுக்கப்படும் ஈ.ஈ.ஜி. அதுதான். அந்த அலைகளை உடனுக்குடன் கணினியில் பிரித்து, உரியவருக்கே திருப்பிக் காட்டுவது நியூரோஃபீட்பேக். உங்கள் மகனின் உச்சந்தலையில் பசை தடவி ஒரு மின்முனையையும், காது மடல்களில் கிளிப்புகளையும் பொருத்துவார்கள். திரையில் ஒரு கார் ஓடும். நொடிக்கு 4 முதல் 8 முறை அதிரும் தீட்டா அலை குறைந்து, 13 முறைக்கு மேல் அதிரும் பீட்டா அலை கூடினால் கார் வேகமெடுக்கும், இல்லையென்றால் நின்றுவிடும். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளில் சிலருக்குத் தீட்டா மிகுந்து காணப்படுவதால், அதைக் குறைக்கப் பழக்கினால் கவனம் நிலைக்கும் என்ற எண்ணத்தில், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஜோயல் லூபர் 1970-களில் இதைத் தொடங்கினார்.

தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலை வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். ஒரு முறை கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ அதைவிடப் பெரிய அலை பதிவாகிவிடும். ஆகவே கார் ஓடுவது மூளையாலா தாடையாலா என்று பிரித்தறியத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இந்தப் பயிற்சியை மிகக் கறாராகச் சோதித்த ஆய்வு ஒன்று 2021-இல் அமெரிக்காவில் வெளியானது. 7 முதல் 10 வயதுக்குட்பட்ட 144 குழந்தைகளுக்கு 38 அமர்வுகள் வரை கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் தங்கள் சொந்த அலைகளைக் கொண்டு பயின்றார்கள். மற்றப் பிரிவினரின் திரையை இயக்கியது, முன்பே பதிவு செய்து வைத்திருந்த வேறு யாரோ ஒருவரின் அலை. யாருக்கும் சந்தேகம் வராதபடி, அந்தப் பதிவின் மேல் குழந்தையின் சொந்தக் கண்சிமிட்டல்களையும் சேர்த்திருந்தார்கள் என்றால், எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டிருப்பார்கள் என்று பாருங்கள். முடிவில் இரு பிரிவினரிடமும் கவனக்குறைவு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 38 ஆய்வுகளைத் தொகுத்து 2024 இறுதியில் வெளியான மதிப்பீடும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அறியாதவர்கள் அளித்த மதிப்பெண்களில் பொருட்படுத்தத்தக்க பலன் தென்படவில்லை என்றே சொல்கிறது.

ஆக, அந்த மையத்துக்குப் போய் வந்த குழந்தை தேறியதாகப் பெற்றோர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு உடன் அமர்ந்து, அசையாமல் இருந்ததற்குப் பாராட்டுவதே பெரிய மருந்து என்பது என் கணிப்பு. அதைப் பெற, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி என்ற, செலவு குறைந்த, சான்று வலுவான வழி இருக்கிறது. பணமும் நேரமும் தாராளமாக இருந்து, மாத்திரையையும் தொடர்ந்துகொண்டே முயன்று பார்ப்பதானால் நான் தடுக்க மாட்டேன். சிலருக்கு வரும் தலைவலியும் அசதியும் தவிரப் பெரிய தீங்கு இல்லை. பயிற்சி தருபவர் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்தானா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பூனைகளுக்கு இப்பயிற்சி கொடுத்து வலிப்பைத் தடுத்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? என் தம்பிக்கு வலிப்பு நோய் உண்டு.
– வாசகர், திருச்சி

பதில்: உண்மைதான். 1960-களில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன், நொடிக்கு 12 முதல் 15 முறை அதிரும் ஓர் அலையை எழுப்பும்போதெல்லாம் உணவு கொடுத்துப் பூனைகளைப் பழக்கினார். பிறகு, ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசினின் நச்சுத்தன்மையை ஆராய்ந்தபோது, பழகிய பூனைகளுக்கு மற்றவற்றைவிடத் தாமதமாகவே வலிப்பு வந்ததைக் கண்டார். குணமாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பூனைக்கு இருக்க முடியாது என்பதால் அந்த முடிவுக்குத் தனி மதிப்பு உண்டு. மனிதரிடம் அவர் செய்த முதல் முயற்சி 1972-இல் வெளியானது. அதன்பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றை நம்பி உங்கள் தம்பி ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடக் கூடாது; திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: தூக்கம் வர, தலையில் மாட்டும் நியூரோஃபீட்பேக் பட்டையை இணையத்தில் வாங்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் தூக்கமின்மை உள்ளவர்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்விலும், உண்மைப் பயிற்சி போலிப் பயிற்சியை வெல்லவில்லை. தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற, தூக்கமின்மைக்கென வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் பரிந்துரைக்கிறோம். அதற்கும் முன்பு, குறட்டை, தைராய்டு, மாலைக் காப்பி ஆகியவற்றைப் பற்றி உங்கள் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள்.