ஈக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, எனக்கு 29 வயது. மதுரை டவுனில் டூவீலர் உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். சம்பளம் 21,000. கல்யாணமாகிப் பதினான்கு மாதம். மனைவி ஒரு கல்லூரியில் விலங்கியலில் பிஎச்.டி. இரண்டாம் வருடம். ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது, மாதம் 37,000. ஆனால் மாதாமாதம் வராது, இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்ந்துதான் வரும். பழ ஈயை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகூடக் காலை ஏழு மணிக்கு லேபுக்குக் கிளம்பிவிடுகிறாள். சாயங்காலம் மறுபடி போகிறாள். கேட்டால், ‘ஈக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது’ என்கிறாள். அந்த ஈக்களுக்கு ரவையும் வெல்லமும் போட்டுக் கிண்டி வைக்கிறாளாம். எங்கள் வீட்டில் கேசரி கிண்டி ஆறு மாதமாகிறது. 37,000 வாங்கினாலும் வாடகை என் சம்பளத்தில்தான் போகிறது. இதையெல்லாம் கேட்டால் சண்டை. நான் கேட்பது தப்பா?
– ஒரு வாசகர், ஆரப்பாளையம்

பதில்: தம்பி, கேசரி வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பக்கத்து நியாயத்துக்கும் வருகிறேன். முதலில் ஈ.

பழ ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக, 25 டிகிரி சூட்டில், ஏறக்குறையப் பத்து நாள் ஆகும். கூட்டை விட்டு வெளியே வந்த பெண் ஈ, முதல் எட்டு மணி நேரம் போல ஆணோடு சேராது. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்த்தால் எப்படிப்பட்ட குஞ்சு வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை என்றால், அந்த எட்டு மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைப் பொறுக்கித் தனிக் குப்பியில் போட்டாக வேண்டும். அதற்குத்தான் இரண்டு நடை. காலையில் போய்க் குப்பியில் இருக்கிற ஈக்களை எல்லாம் வெளியேற்றிவிட்டால், சாயங்காலம் உள்ளே இருப்பவை அத்தனையும் அன்று பகலில் பிறந்தவை. ஒரு நடை தப்பினால் எந்தப் பெண் எதனோடு சேர்ந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அந்தக் குப்பியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பத்து நாள் காத்திருக்க வேண்டியதுதான். கடையில் ஒரு நாள் வரவை எழுதாமல் விட்டால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவள் சொல்வது சாக்கு இல்லை, கணக்கு.

இதெல்லாம் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். என் வீட்டுக்காரர் வௌவால் ஆள். 1983ல் எங்களுக்குக் கல்யாணம். அவர் ஆராய்ச்சி செய்த மதுரைப் பல்கலைக்கழகத்துக்குக் காமராசர் பெயர் வைத்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் ஓர் அறையும் ஓர் அடுக்களையும் கொண்ட வீட்டில் குடியிருந்தோம். பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் காலம் அது. உயிர்களுக்குள் ஓடுகிற கடிகாரத்தைப் பற்றி அங்கே பெரிய ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கீழக்குயில்குடி சமணர் மலைக் குகையில் பூச்சி தின்கிற சின்ன வௌவால்கள் கூட்டமாக இருந்தன. அவை இருட்டுகிற நேரத்தில் எப்போது வெளியே கிளம்புகின்றன என்று பார்க்கக் குகை வாசலில் ஆள் உட்கார வேண்டும். ஊரில் மற்ற புருசன்மார் வீடு திரும்புகிற நேரத்துக்கு என் புருசன் டார்ச்சையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். வீட்டுக்கார ஆச்சி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏத்தா, ஒம் புருசன் தெனமும் பொழுது சாயவும் எங்க போறாரு?” என்று கேட்டே விட்டது. “வௌவால் பார்க்க” என்றேன். அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் வருவார். சட்டையில் குகை வாடை. வௌவால் புழுக்கை வாடை எத்தனை துவைத்தாலும் போகாது, வெயிலில் இரண்டு நாள் கிடக்க வேண்டும். தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு நான் அழுதுகொண்டு படுத்திருப்பேன். நான்கு மாதம் இப்படி ஓடியது. ஐந்தாவது மாதம் ஒருநாள், “என்னதான் இருக்கிறது அங்கே, நானும் வருகிறேன்” என்று சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டேன்.

குகை வாயிலுக்கு எதிரே ஒரு பாறையில் உட்காரவைத்து, பேசக் கூடாது என்று சைகை காட்டினார். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் இரண்டு மூன்று வௌவால்கள் மட்டும் வாசல் வரை பறந்து வந்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பின. மறுபடி வந்தன, மறுபடி திரும்பின. “வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கின்றன” என்று காதோரம் சொன்னார். அப்புறம் ஒன்று வெளியே போனது. பின்னாலேயே திமுதிமுவென்று மற்றவை. அவர் கை நோட்டில் கோடு கோடாக இழுத்துக்கொண்டே இருந்தது, கண் மட்டும் வாசலில். எனக்குக் கோபம் அன்று போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய்விட்டது. பொழுது சாய்கிற நேரத்தை அவரா வைத்தார்?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாயங்காலத்தைக் கைகழுவிவிட்டோம். காலையை எடுத்துக்கொண்டோம். ஐந்தரைக்கு எழுந்து காபி, அப்படியே தேனி ரோட்டோரம் ஒரு நடை, வரும்போது கீரை, ஏழரை வரை பேச்சு. நல்ல சாப்பாடு எங்களுக்குக் காலையில்தான். சாயங்காலம் பூ வைத்துக்கொண்டு கணவனோடு கடைவீதிக்குப் போகிற தோழிகளைப் பார்த்தால் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணியிலிருந்து நாலு வரை முழுசாக இருக்கிறது. அதைத் தூங்கிக் கழித்துவிட்டு, நாலு மணிக்குக் கிளம்புகிறவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். ஒரு ஞாயிறு சாயங்காலம் வண்டியில் நீங்களே அவளைக் கொண்டுபோய் விடுங்கள். அனுமதி உண்டென்றால் உள்ளே போய் அந்த நுண்ணோக்கியில் ஒரு தடவை பாருங்கள். வயிற்று நுனி கறுத்திருந்தால் ஆண், அப்போதுதான் பிறந்த பெண் வெளுத்து இருக்கும். திரும்பும்போது வழியில் ஆளுக்கொரு பருத்திப்பால் குடியுங்கள்.

இப்போது காசு. தம்பி, உங்கள் சின்னக் கடிதத்தில் 37,000 என்ற எண் இரண்டு முறை வருகிறது, கேசரி ஒரு முறைதான். கணக்குப் பார்க்கிறவர் எண்ணைச் சும்மா எழுத மாட்டார். உங்களுக்கு வலிப்பது வாடகை இல்லை, அந்த 16,000 வித்தியாசம். வெட்கப்பட ஒன்றுமில்லை, நிறைய வீட்டில் இருக்கிறது. ஆனால் அதை ‘வாடகை’ என்ற பெயரில் பேசினால் அவளுக்கும் புரியாது, உங்களுக்கும் தீராது.

அந்த 37,000 சம்பளமும் இல்லை. முதல் இரண்டு வருடம் இந்தத் தொகை, குழு பார்த்துத் தகுதி உயர்த்தினால் அடுத்து 42,000. எல்லாம் சேர்த்து அதிகபட்சம் ஐந்து வருடம். அதோடு நின்றுவிடும். பி.எஃப். கிடையாது, ‘அடுத்த மாதமும் வாங்க’ என்று சொல்ல முதலாளியும் கிடையாது. உங்கள் 21,000 கிணற்றுத் தண்ணீர் என்றால் அவளுடையது கண்மாய்த் தண்ணீர். எனக்குப் பிறந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கண்மாய் பெருகியவுடன் எல்லா மடையையும் திறந்துவிடுகிற ஊரை நான் பார்த்ததில்லை. நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார், முறை வைத்துத்தான் திறப்பார். உங்கள் வீட்டில் அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? மூன்று மாதப் பணம் 1,11,000 சேர்ந்து வந்தால் அதைத் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஒன்றாம் தேதி அதிலிருந்து ஒரே அளவு தொகை வீட்டுக் கணக்குக்கு வரட்டும், வராத மாதத்திலும் வரட்டும். மிச்சம், படிப்பு முடிந்து வேலை கிடைக்கிற வரையான இடைவெளிக்கு. அந்த இடைவெளி வரும், எங்களுக்கு வந்தது. ஒன்றரை வருடம் அவர் வேலை தேடினார். நான் டியூஷன் எடுத்தேன்.

வாடகைக்கு ஒரு செய்தி சொல்கிறேன். ஜே.ஆர்.எஃப். வாங்குகிறவருக்கு வீட்டு வாடகைப்படி தனியாக உண்டு. விடுதி அறை கொடுத்திருந்தால்தான் கிடையாது. உங்கள் மனைவி வெளியே குடியிருக்கிறாள், அதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறாளா என்று கேளுங்கள். குற்றம் கேட்பதுபோல் கேட்காதீர்கள், கடைக்கு வரவேண்டிய பாக்கியை விசாரிக்கிற மாதிரி கேளுங்கள். அந்தப் படி வந்தால் அதை வாடகையில் சேருங்கள், உங்கள் பாரம் குறையும்.

கேசரியை நீங்களே கிண்டுங்கள். ஒரு டம்ளர் ரவைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், ஒன்றரை டம்ளர் சர்க்கரை. ரவையை நெய்யில் வாசம் வர வறுக்க வேண்டும். கட்டி தட்டினால் அவளைக் கூப்பிடுங்கள், தினமும் கிண்டுகிற கை.

கேள்வி: என் மருமகள் பிஎச்.டி. சேர்ந்து ஒன்றரை வருடம். பிள்ளை பெற்றால் படிப்பு போய்விடும் என்கிறாள். நிஜமா, சும்மா சொல்கிறாளா?
– ஒரு மாமியார், சோழவந்தான்

பதில்: அக்கா, விதி என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைப்படி பிஎச்.டி. படிக்கிற பெண்ணுக்கு, படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பு தரலாம். படிப்பை முடிக்கப் பொதுவாக ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் சலுகை உண்டு. ஆகவே காகிதத்தில் படிப்பு போகாது.

ஆனால் காகிதம் பிள்ளைக்குப் பால் கொடுக்காது. சோதனையைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கலாம். கைடு எப்படிப்பட்டவர் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் பயப்படுவது விதியைப் பார்த்து இல்லை. தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள்! ‘பிள்ளை பிறந்தால் நான் வந்து ஒரு வருடம் இருக்கிறேன்’ என்று உங்களால் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றால் அதைச் சொல்லிவிட்டு வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்கப் போய்விடுங்கள். எப்போது என்பதை அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை செலவில்லாமல் போய்வர ஓர் இடம் சொல்லுங்கள். நானும் கணவரும் ஆராய்ச்சி மாணவர்கள், மாதக் கடைசி.
– ஒரு வாசகி, விராட்டிபத்து

பதில்: மேலே சொன்ன அதே சமணர் மலைதான் தாயி. சாதாரண டவுன் பஸ்ஸில் உனக்குக் கட்டணம் இல்லை, அவருக்கு மட்டும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். செட்டிப்புடவு மகாவீரரைப் பார்த்துவிட்டு, மூச்சு இருந்தால் பேச்சிப்பள்ளம் வரை ஏறு. வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிற சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து இருக்கும். தண்ணீர் கொண்டு போ. ஆய்வேட்டைப் பற்றிப் பேசாதே என்று சொல்லத்தான் ஆசை, பேசாமல் இருக்க மாட்டீர்கள்.

கேள்வி: நான் ஜெராக்ஸ் கடை வைத்து டி.டி.பி. வேலை செய்கிறேன். கணவர் தமிழில் பிஎச்.டி. முடிக்கப் போகிறார். 280 பக்க ஆய்வேட்டை என்னையே அடித்துத் தரச் சொல்கிறார். மனைவியிடம் போய்க் காசா என்கிறார். வாங்கலாமா? பக்கத்துக்கு எவ்வளவு கேட்கலாம்?
– ஒரு வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: வாங்குங்கள். பாதி முன்பணம்.

என் கதையையும் கேளுங்கள். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அவருடைய ஆய்வேடு முழுவதையும் வாடகைக்கு எடுத்த மெஷினில் நான்தான் அடித்தேன், ராத்திரி பத்து மணிக்கு மேல், ஆச்சி தூங்கிய பிறகு மெஷினுக்கு அடியில் போர்வையை மடித்து வைத்து. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் கார்பனைத் தலைகீழாகச் சொருகிவிட்டேன். பன்னிரண்டு பக்கம் அடித்து முடித்துப் பிரித்தால், மேல் தாளின் முதுகில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எழுத்து திரும்பிக் கிடக்கிறது, அடித் தாள் வெள்ளை. ‘பரவாயில்லை, நாளைக்கு அடி’ என்றார். அவருக்குப் பரவாயில்லை, அடிக்கப் போவது நான்தானே. உங்களுக்குக் கார்பன் இல்லை, அதற்குப் பதில் பாமினி எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றுகிற தலைவலி இருக்கிறது. மாற்றிய பிறகு ஒவ்வொரு கொம்பையும் காலையும் சரிபார்க்க ஒரு வாரம் ஆகும், அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், நன்றியுரைப் பக்கத்தைக் கடைசியில் அடியுங்கள். என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததில் பேராசிரியருக்கு நன்றி, நண்பர்கள் ஏழு பேருக்கு நன்றி, சைக்கிள் இரவல் கொடுத்தவருக்கு நன்றி, கடைசியில் ‘பொறுமை காத்த என் மனைவிக்கு’ என்று ஒரு வரி. அந்த வரியை அடிக்கும்போது, ‘பொறுமை காத்த’ என்பதற்குப் பின்னால் ‘214 பக்கங்களையும் தட்டச்சு செய்த’ என்று நானே சேர்த்துவிட்டேன். அவர் கையெழுத்துப் போடும்போதும் பார்க்கவில்லை, பைண்டிங் முடிந்து வந்தபோதும் பார்க்கவில்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர்தான் புரட்டிக்கொண்டே, “உங்கள் வீட்டில் நன்றாக டைப் அடிப்பார்கள் போலிருக்கிறதே” என்றாராம். இவர் விழித்திருக்கிறார். இப்போதெல்லாம் ஆய்வேடுகள், அவற்றைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிடுகின்றன, உலகமே பார்க்கும். வரியைக் கொஞ்சம் நீளமாகவே அடியுங்கள்.

பக்கத்துக்கு எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதேதான்.