தடைக்காலமும் மகனின் படிப்பும்

கேள்வி: மகன் ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறான். எங்களுக்கு விசைப்படகுதான் பிழைப்பு. மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் வாங்கி அனுப்புகிறேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லலாமா?
- ஒரு தாய், பாம்பன்

பதில்: அவசியம் சொல்லுங்கள், அம்மா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில்தான் கிடக்கும் என்பது பாம்பன் பிள்ளைக்குத் தெரியாததா? மார்ச்சிலேயே பேசிவிடுங்கள். அங்கே மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் வேலை பார்க்கலாம். பரீட்சை இல்லாத மாதங்களில் அவன் பார்க்கட்டும். மீட்டர் வட்டி மட்டும் வேண்டவே வேண்டாம்; நகையை வங்கியில் வைப்பது எவ்வளவோ மேல். அப்புறம், கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள், அங்கே மாலை நாலரை, நிதானமாகப் பேசுவான்.